ஒரே ஆற்றின் இரண்டு ஏரிகள்

பழவேற்காட்டின் வரலாறு என்றால் பலரும் 1613ஆம் ஆண்டின் டச்சுக் கோட்டையில் ஆரம்பிப்பார்கள். ஆரணியாற்றை எதிர்த்து மேற்கே போனால் வரும் ஒரு மண்கரையில் ஆரம்பிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மீனவக் குப்பங்களின் கதையில் பாதி அங்கேதான் தேங்கி நிற்கிறது.

ஆந்திரப் பகுதியில், பிச்சாட்டூரில், 1950களில் ஆரணியாற்றை மறித்து எழுப்பிய பாசன அணை அது. நம்ம பக்கம் அதைப் ‘பிச்சாட்டூர் ஏரி’ என்றே சொல்வார்கள். கொள்ளளவு சுமார் 1.85 டிஎம்சி. அதற்குக் கீழே சுருட்டப்பள்ளி, லட்சுமிபுரம், ஏ.என்.குப்பம் என்று அணைக்கட்டுகள். எல்லாரும் எடுத்தது போக மிச்சம் இருப்பதுதான் பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காடு ஏரிக்கு வரும். அதற்கும் செய்தித்தாளில் ஒரு பெயர் உண்டு: ‘வீணாகக் கடலில் கலக்கும் நீர்’.

வீணா? இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் உப்பும் நன்னீரும் கலந்த ஏரிக்குள் வந்துதான் வளரும். அவை உள்ளே வர முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். கடல் மணலைக் கொண்டுவந்து அதை அடைத்துக்கொண்டே இருக்கும். மழைக்கால வெள்ளம்தான் தள்ளித் திறக்கும். வெள்ளம் குறைந்தால் வாய் மூடும். கோடையில் ஏரியின் சில இடங்கள் கடலைவிடக் கரிக்கும்.

வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி, ஏரியிலும் முறை உண்டு. அதன் பெயர் பாடு. கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, சுழற்சி முறையில் பிரித்துக்கொள்வார்கள். இதுவும் நீர் மேலாண்மைதான். ஆனால் பாசனக் கணக்கு ஏக்கரில் எழுதப்படுவது. ஏக்கர் இல்லாதவருக்கு அதில் வரி கிடையாது.

மண் அணைக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் மேலேறி வழிந்தால் கரை அரித்துப் போய்விடும். அதனால் நிரம்புகிற நேரத்தில் திறந்தே ஆக வேண்டும். 2021 நவம்பரில் அப்படித் திறந்தபோது ஆரணியாற்றில் வெள்ளம் வந்தது. சொல்லப்போனால், மேலே கரைக்குப் பயம் வந்தால்தான் கீழே மீனவருக்குத் தண்ணி. அதுவும் ஒரேயடியாக, பொன்னேரி பக்கத்துக் கிராமங்களைப் பயமுறுத்திக்கொண்டு.

விவசாயியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அந்தத் தண்ணீரில்தான் அவர் வீட்டு உலை கொதிக்கிறது. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க இப்போது கல்சுவர்த் திட்டம் வந்திருக்கிறது. அது கடல் பக்கத்து மணலைத் தடுக்கலாம். ஆற்று நீரை அது கொண்டுவராது. அணையின் கணக்கில் எத்தனை ஏக்கர் என்ற வரிக்குக் கீழே எத்தனை பாடு என்று இன்னொரு வரி எழுத வேண்டும். அதுவரை பழவேற்காடு ஏரி ‘மிச்சம்’ என்ற சொல்லை நம்பித்தான் இருக்கும்.