கப்பலேறியவர்கள் வீட்டு மேயர்கள்

1989இல் கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில், சான் பிரான்சுவா என்ற ஊருக்கு எர்னஸ்ட் முத்துசாமி மேயரானார். 2008 வரை அவரே மேயர். 1981 முதல் 2002 வரை பாரிஸ் நாடாளுமன்றத்திலும் உறுப்பினர். இலக்கிய ஆசிரியர், நாவலாசிரியர், நெடுங்காலம் இடதுசாரி. லண்டன், நியூயார்க் போன்ற பெருநகரம் அல்ல அது. கடலோரத்துச் சிறிய ஊர்தான். ஆனாலும் அந்த மேயர் நாற்காலிக்கு வந்து சேர்ந்த வழி மிக நீளமானது. அது புதுச்சேரித் துறைமுகத்தில் தொடங்குகிறது.

1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்களில் பலர் பழைய முதலாளியின் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப விரும்பவில்லை. தோட்டக்காரர்களின் கண் இந்தியா பக்கம் திரும்பியது. 1854 டிசம்பர் கடைசி வாரத்தில் ‘ஒரேலி’ என்ற கப்பல் குவாதலூப்பை அடைந்தது. அதில் வந்த 300க்கும் மேற்பட்டவர்கள்தான் அந்தத் தீவின் முதல் இந்தியக் கூலிகள். அடுத்த 35 ஆண்டுகளில் ஏறக்குறைய 42,000 பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவுக்குப் போனவர்கள் அதைவிட மிக அதிகம்.

அவர்கள் எல்லோரும் புதுச்சேரி போன்ற பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர்கள் அல்லர். புதுச்சேரி வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பிரெஞ்சு நிலமும் பிரிட்டிஷ் நிலமும் திட்டுத் திட்டாகக் கலந்து கிடந்தன. பிரெஞ்சுப் பகுதியான திருக்கனூரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பிரிட்டிஷாரின் தென்னாற்காடு வந்துவிடும். ஆள்பிடிக்கும் மேஸ்திரிகளுக்கு இதைவிட வசதியான எல்லை எங்கே கிடைக்கும்? பஞ்சத்தில் நிலமிழந்தவரை இரவோடு இரவாக இந்தப் பக்கம் அழைத்து வந்துவிட்டால், பிரிட்டிஷ் அதிகாரியின் கை எட்டாது. 1861இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, பிரிட்டிஷ் பகுதியிலும் ஆளெடுக்க வெளிப்படையாகவே அனுமதி கிடைத்தது. ஒப்பந்தம் 5 ஆண்டுகள். அது முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்பது வாக்கு. குவாதலூப் போனவர்களில் திரும்பியவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆயிரக்கணக்கானோர் கரும்புக் காட்டிலேயே மாண்டார்கள்.

அந்த உடன்படிக்கையில் ஒரு முள் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து போனவர்கள் பிரிட்டிஷ் குடிகளாகவே நீடித்தார்கள். சங்கடத்தில் முறையிட ஒரு கான்சல் இருக்கிறார் என்ற வகையில் அது பாதுகாப்புதான். ஆனால் அங்கேயே பிறந்த பிள்ளைகளையும் அந்நியர் என்று ஒதுக்கி வைக்க நிர்வாகத்துக்கு அது வாய்ப்பாகிவிட்டது. ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவர் மேயராவது எப்படி?

இதே நேரத்தில் புதுச்சேரியில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. 1880ஆம் ஆண்டு அரசாணை பிரெஞ்சிந்தியாவை கொம்யூன் எனப்படும் 10 உள்ளாட்சிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நகராட்சி மன்றத்தையும் மேயரையும் கொடுத்தது. வில்லியனூருக்கு ஒரு மேயர், பாகூருக்கு ஒரு மேயர். 1907இல் கொம்யூன்கள் 17 ஆயின. திருபுவனையும் நெட்டப்பாக்கமும் தனித்தனி கொம்யூன்கள். அடிதடி, கள்ள ஓட்டு, பெட்டியை நிரப்புவது என்று அந்தத் தேர்தல்கள் கெட்ட பெயர் வாங்கியவை. ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல் வைத்து, அவர்களின் ஓட்டுக்குக் கூடுதல் எடை தந்த அநீதியும் உண்டு. இருந்தாலும் வேட்டி கட்டிய விவசாயிக்கு ஓட்டு இருந்தது. ஒரே பிரெஞ்சு மூவர்ணக் கொடியின் கீழ், ஊரில் தங்கியவருக்கு ஓட்டு. கப்பலேறியவரின் பிள்ளைக்கு இல்லை.

இந்த அநீதியைக் கையில் எடுத்தவர் ஹென்றி சிதம்பரம். இந்தியாவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1863இல் குவாதலூப்பின் காப்ஸ்தெர் ஊரில் பிறந்தவர். 1904இல் அங்கே பிறந்த இந்திய வம்சாவளியினரின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முற்பட்டார். ஆளுநர் தரப்பு எதிர்த்தது. விவகாரம் நீதிமன்றம் ஏறியது. ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல, 19 ஆண்டுகள் இழுத்தது. இடையில் ஓர் உலகப் போரே வந்து போய்விட்டது. சிதம்பரம் விடவில்லை. 1923 ஏப்ரலில், பிரான்சின் பிரதமராக இருந்த புவான்கரே அனுப்பிய கடிதம்தான் முடிவு கட்டியது: தீவில் பிறந்த இந்தியர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்களே. சிதம்பரம் 1952இல் காலமானார்.

அவருடைய கடைசிக் காலத்தில், 1941இல், சான் பிரான்சுவாவில் பிறந்தவர் முத்துசாமி. தீவின் கம்யூனிஸ்டுக் கட்சியில் வளர்ந்து, 1991இல் பிரிந்துவந்து தனிக் கட்சி கண்டார். 1987இல் வெளியான ‘ஒரோர்’ என்ற நாவலில் கடல் கடந்த இந்தியர்களின் கதையைச் சொன்னார். தீவில் கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை; இந்திய வம்சாவளியினர் சிறுபான்மை. முன்னாள் அடிமைகளின் பேரர்களும் கூலிகளின் பேரர்களும் சேர்ந்து போட்ட ஓட்டில்தான் அவர் 21 ஆண்டுகள் பாரிஸுக்குப் போய்வந்தார். தோட்ட முதலாளிகள் ஒருவர் கூலியைக் குறைக்க இன்னொருவரைக் காட்டிய அந்தத் தீவில், இது சாதாரண வெற்றி அல்ல.

ரெயூனியனில் கதை வேறு நிறம். அங்கே சான்-ஆந்த்ரே நகரத்தில் தமிழ்க் கோயில்கள் உண்டு, தீமிதி உண்டு, தீபாவளி நகரத் திருவிழா. அந்நகரின் மேயராக இருந்த ஜான்-பால் வீராப்பிள்ளை வலதுசாரி. 1972இல், 28 வயதில் பதவிக்கு வந்தவர், 2008 வரை அசையவில்லை. அந்த ஆண்டு தோற்றார். 2014இல் மீண்டும் வென்றார். 2020இல் மறுபடி தோற்றார். 2003இல் செனட்டராக அவர் கொண்டுவந்த திருத்தம், பிரான்சின் மற்றக் கடல்கடந்த மாவட்டங்களுக்குக் கிடைத்த கூடுதல் சட்டமியற்றும் அதிகாரம் ரெயூனியனுக்கு வேண்டாம் என்று அரசியலமைப்பிலேயே எழுதவைத்தது. பிரான்சை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. அதை ஏற்காதவர்கள் அந்தத் தீவில் நிறைய.

புதுச்சேரியின் கொம்யூன் மன்றங்களோ எதிர்த்திசையில் நடந்தன. 1954 மார்ச்சில் மேயர்களும் மன்ற உறுப்பினர்களும் இந்தியாவோடு இணையத் தீர்மானம் போட்டார்கள். அக்டோபர் 18ஆம் தேதி வில்லியனூருக்கு அருகில் உள்ள கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தபோது, இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது.

மேயர் பதவி அதற்குப் பிறகும் சில காலம் இருந்தது. 1968இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டங்கள் கொம்யூன்களை நகராட்சிகளாகவும் கொம்யூன் பஞ்சாயத்துகளாகவும் மாற்றின. ஆனால் அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு 2006 வரை, அதாவது 38 ஆண்டுகள், மக்கள் காத்திருந்தார்கள். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011இல் முடிந்தது. பிறகு தேர்தல் இல்லை. 1880லேயே நகராட்சி மன்றத்தையும் மேயரையும் கண்ட மண்ணில், புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு கொம்யூன் பஞ்சாயத்தின் நிர்வாகம் இன்று அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. அலுவலகம் திருக்கனூரில்.