விரதம் வகுத்த வேடங்கள்: கே. பி. சுந்தராம்பாளின் திரை வாழ்வு

பாடகியர் திரைக்கு வந்த சரித்திரத்தை எழுதுவோர், குரலுக்காக அழைக்கப்பட்டு நடிப்புக்கு மதிப்பு ஏறிய காலத்தில் கைவிடப்பட்டவர்கள் என்ற ஒரே சூத்திரத்தில் அவர்களை அடக்கிவிடுவது வழக்கம், ஆனால் கே. பி. சுந்தராம்பாள் விஷயத்தில் திரைப்படமே பாடகியின் நியமத்துக்கு இணங்கி நடந்தது என்பது இக்கட்டுரையின் கட்சி.

1908இல் கொடுமுடியில் பிறந்து, சிறுவயதிலேயே வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்து, ஒலிபெருக்கியில்லாக் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டும் உச்சஸ்தாயியைப் பழகிக்கொண்ட அவர், இலங்கையில் நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் மேடையில் இணைந்து, பின் அவரையே மணந்தார். 1933இல் கிட்டப்பா மறைந்தபோது, இருபத்தைந்தே வயதான சுந்தராம்பாள் வெள்ளுடை பூண்டு, ஆபரணம் நீத்து, இனி எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி முதலியோரின் வற்புறுத்தலால் பொதுவாழ்வுக்குத் திரும்பிய பின்னும் அவ்வுறுதி தளரவில்லை.

1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ இதற்குப் பிரதான சான்று. அதில் நடிக்க அவருக்கு லட்ச ரூபாய் ஊதியம் தரப்பட்டது என்ற செய்தி இன்றும் வியப்போடு பேசப்படுகிறது. எனினும், அத்தனை பணம் கொடுத்தவர்கள் அவரைக் கதாநாயகியாக்காமல், மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் வேதியராக வர, நந்தனாராகிய ஆண்மகனாகவே நிறுத்தினார்கள் என்பதுதான் தொகையைக் காட்டிலும் சிந்திக்கத் தக்கது. படம் சோபிக்கவில்லை, எழுத்தாளர் கல்கியின் கேலியிலிருந்தும் தப்பவில்லை. ஆயினும் வழி திறந்துவிட்டது. துறவு பூண்ட மணிமேகலை (1940), ஜெமினி வாசன் தயாரித்த ‘ஔவையார்’ (1953), ‘பூம்புகா’ரில் சமணத் துறவி கவுந்தியடிகள் (1964), ‘திருவிளையாட’லில் மீண்டும் ஔவை (1965) என அவருக்கு வந்தவை யாவும் இல்லறத்துக்குப் புறம்பான வேடங்களே.

முதுமையே இவ்வேடங்களைத் தந்தது என்று ஆட்சேபிக்கலாம். நந்தனாராக நின்றபோது அவருக்கு இருபத்தேழு வயதுதான், ஆட்சேபம் நிற்காது. மணவாழ்வை மறுக்கவே முதுமையை வரமாகக் கேட்டவள் ஔவை என்பது ஐதிகம்; இவரோ அம்முதுமையைக் குரலில் முன்கூட்டியே ஏற்றார் எனலாம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், ஆலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் இளைஞர், கிருத்திகை நாளில் ஒலிபெருக்கியில் அக்குரலைக் கேட்டால், இளமையே காணாத ஒரு கிழவியின் குரல் என்றுதான் நினைப்பர்.

எம். எஸ். சுப்புலட்சுமியோடு ஒப்பிட்டால் வேற்றுமை துலங்கும். ‘சகுந்தலை’யில் ஜி. என். பாலசுப்பிரமணியத்துக்கு நாயகியாக நடித்த அவர், ‘மீரா’வுக்குப் பின் திரையைத் துறந்து கச்சேரி மேடையில் நிலைத்தார், சுந்தராம்பாளோ துறவையே திரைக்குக் கொண்டுவந்தார். 1951இல் சட்டமேலவை உறுப்பினரான பின்னும் அவருடைய இந்நியமம் மாறவில்லை.

1969இல் வெளிவந்த ‘துணைவன்’ படத்துக்காக அவர் பெற்ற தேசிய விருது, சிறந்த பின்னணிப் பாடகிக்கானது. பாடகியாக மட்டுமன்றி நடிகையாகவும் அவரைக் கணித்து எழுதும் பொறுப்பை ஆராய்ச்சியாளர் இனியேனும் ஏற்க வேண்டும்.