குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம்

குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம், ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் முன்னோடியாகும். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்வோரைத் தாக்கும் பெரிபெரி நோயை ஆராய, இந்திய மருத்துவப் பணி அதிகாரி ராபர்ட் மெக்காரிசன் 1918-இல் இதைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறை மட்டுமே அவருக்குக் கிடைத்தது.

1911-இல் அமைந்த இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் இவ்வாய்வுக்குப் பணம் அளித்தது. அச்சங்கமே பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆயிற்று. 1923-இல் இஞ்ச்கேப் குழு பரிந்துரைத்த அரசுச் சிக்கனத்தால் ஆய்வு நிறுத்தப்பட்டது. நோய் குறைந்துவிடவில்லை, குறைந்தது பணம்தான். மெக்காரிசன் இங்கிலாந்து திரும்பினார்.

1925-இல் நிதி மீண்டும் கிடைத்தபோது, ஊட்டக் குறைவால் வரும் பிற நோய்களும் ஆய்வில் சேர்ந்தன. 1928-இல் இது தனி ஆய்வுக்கூடமாகி, மெக்காரிசன் முதல் இயக்குநரானார். ஒற்றை அறையிலிருந்து அங்கு வர அவருக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. 1958-இல் ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது.