ஆட்டுக்குட்டிக்கு வராத ரத்தசோகை

"ஏய்யா டாக்டரு, மாட்டுப்பாலு செமிக்காது, ஆட்டுப்பாலு லேசுன்னுதான குடுத்தேன். அதப் போயி தப்புங்கீகளே?"

எம்.ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து எட்டு மாசப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்த ஓர் ஆத்தா கேட்ட கேள்வி இது. (ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மகள் மூணாம் மாசமே மில் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பகலெல்லாம் பிள்ளை பாட்டியிடம். வீட்டில் நாலு வெள்ளாடு. கறந்து, காய்ச்சி, தண்ணி கலந்து, சங்கில் ஊட்டியிருக்கிறார். சுத்தத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. பிள்ளை கொழுகொழுன்னுதான் இருந்தான். ஆனால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தாள் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தோம். சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் இருக்க வேண்டியதைவிடப் பெரிசு.

நம்ம ஊரில் ரத்தசோகை என்றாலே இரும்புச்சத்துக் குறைவுதான் என்று நினைப்போம். இரும்பு குறைந்தால் அணு சின்னதாகும். இது தலைகீழ். இந்தப் பெரிய அணுவுக்குப் பின்னால் குன்னூரிலும் சென்னையிலும் நடந்த ஒரு பழைய கதை இருக்கிறது. ஆத்தாவுக்கு அன்றைக்கு அதை முழுசாகச் சொல்ல நேரமில்லை. வெளியே வரிசை நின்றது. உங்களுக்குச் சொல்கிறேன். இழை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

முதலில் பால்.

பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்: உடம்பில் முடி, குட்டிக்குப் பால், இது இரண்டும் இருந்தால் பாலூட்டி. இந்த வகைக்கு இப்படிப் பெயர் வைத்தவர் ஸ்வீடன்காரர் லின்னேயஸ். 1758-க்கு முன்னால் அவரே இவற்றை "நாலுகால் பிராணிகள்" என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார். அதில் திமிங்கலம் சேராது, ஓணானும் தவளையும் வெளியே நிற்க நியாயமில்லை. 1758-ல் பெயரை மாற்றினார். லத்தீனில் "மம்மா" என்றால் மார்பு. அதிலிருந்து "மம்மாலியா".

ஏன் மார்பு? முடியை வைத்துப் பெயர் சூட்டியிருக்கலாம். காதுக்குள் இருக்கும் மூணு குட்டி எலும்புகளை வைத்தும் சூட்டியிருக்கலாம், அதுவும் பாலூட்டிகளுக்கு மட்டுமே உள்ள அடையாளம்தான். லின்னேயஸ் ஒரு மருத்துவர். ஏழு பிள்ளைகளின் அப்பா. அந்தக் காலத்து ஐரோப்பாவில் வசதியான வீட்டுப் பெண்கள் பிள்ளையைச் செவிலித்தாயிடம் கொடுத்துவிடுவது வழக்கம். அதை எதிர்த்து, தாயே பால் கொடுக்க வேண்டும் என்று 1752-லேயே ஓர் ஆய்வுரை வெளியிட்டவர் அவர். பெயருக்கு உள்ளே கொஞ்சம் பிரச்சாரமும் இருக்கிறது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதனால்தான்.

என்னைக் கேட்டால் லத்தீன் சொல்லைவிட நம்ம "பாலூட்டி" சரியான சொல். ஆஸ்திரேலியாவில் பிளாட்டிபஸ் என்றொரு பிராணி. முட்டை போடும். அதை நேரில் பார்த்து உறுதிசெய்த கால்டுவெல் (நம்ம இடையன்குடி கால்டுவெல் இல்லை, இவர் வேற) 1884-ல் தந்தி அடித்துத்தான் உலகத்துக்குச் சொன்னார். அந்தப் பிராணிக்கு முலைக்காம்பே கிடையாது. வயிற்றுத் தோலில் வேர்வை மாதிரி பால் கசியும், குட்டி நக்கிக் குடிக்கும். மார்பு வேண்டும் என்று பார்த்தால் அது இடிக்கும். ஊட்டுவதுதான் கணக்கு என்றால் அதுவும் பாலூட்டிதான்.

சரி, எல்லாம் பால்தானே, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுத்தால் என்ன?

இந்தக் கேள்விக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாசல் நகரத்துப் பேராசிரியர் புங்கே ஒரு அட்டவணை போட்டார். பிறந்த எடை இரண்டு மடங்காக எத்தனை நாள் ஆகிறது என்று ஒரு பக்கம், தாய்ப்பாலில் புரதம் எவ்வளவு என்று மறுபக்கம். அவர் கணக்கில் மனுசப் பிள்ளைக்கு 180 நாள். குதிரைக்குட்டிக்கு 60. கன்றுக்குட்டிக்கு 47. முயல்குட்டிக்கு வெறும் 6. எந்தக் குட்டி வேகமாக வளர வேண்டுமோ அதன் தாய்ப்பால் கெட்டி. மனிதப் பாலில் 100 மில்லிக்குப் புரதம் சுமார் 1 கிராம். பசும்பாலில் 3-க்கு மேல். வெள்ளாட்டுப் பாலில் ஏறக்குறைய மூன்றரை. உங்க ஊர்ப் பக்கம் கிடை போடுகிறார்களே செம்மறி, அதில் ஐந்தரை வரைக்கும் போகும்.

மனிதப் பிள்ளை ஆமை வேகத்தில்தான் வளர வேண்டும். முதல் வருசம் அதற்கு மூளையைக் கட்டுகிற வேலை. அதனால் நம் பால் தண்ணியாக, இனிப்பாக இருக்கிறது. "எம் பாலு தண்ணியா இருக்கு, பிள்ளைக்குப் பத்தாது" என்று வருகிற அம்மாக்களே, அது அப்படித்தான் இருக்கணும்.

தண்ணி கலந்தால் ஆட்டுப்பாலும் மனுசப்பால் ஆகிவிடாதா? புரதம் குறையும். ஆனால் பாலில் முதலிலேயே இல்லாத ஒன்றைத் தண்ணி கொண்டுவராது. அந்த இல்லாத ஒன்று என்ன என்பதுதான் மிச்சக் கதை.

முதல் உலகப் போரை ஒட்டிய வருசங்களில் ஜெர்மனியில் பல குழந்தைகள் ஆட்டுப்பால் மட்டுமே குடித்து வளர்ந்தன. அவற்றில் சில வெளுத்துப் போய் வந்தன. ரத்தத்தில் அதே பெரிய அணுக்கள். மருத்துவர்கள் அதற்கு "ஆட்டுப்பால் ரத்தசோகை" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. ஆட்டுப்பாலில் ஏதோ விஷம் இருக்கிறது என்றுகூட நினைத்தார்கள்.

இங்கே பாலூட்டிகளின் இன்னொரு அடையாளத்தைச் சொல்லணும். பள்ளிக்கூடத்தில் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை, எனக்கோ பாலைவிட இதுதான் ஆச்சரியம். கோழி ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி தெரியும். அதுதான் உட்கரு, அணுவின் மூளை மாதிரி. மீனுக்கும் பாம்புக்கும் தவளைக்கும் அப்படியே. நமக்கும் ஆட்டுக்கும் எலிக்கும் திமிங்கலத்துக்கும் மட்டும் அது கிடையாது. எலும்பு மஜ்ஜையில் வளரும்போது இருக்கும், ரத்தத்தில் இறங்கும் முன்னாடி வெளியே தள்ளிவிடும். உட்கரு இல்லாத அணு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளாது, சுமார் 120 நாளில் ஆயுள் முடியும். அதனால் மஜ்ஜை ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் புது அணு செய்துகொண்டே இருக்கிறது. நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போதும்.

இவ்வளவு வேகமாகப் பிரிய வேண்டும் என்றால் டி.என்.ஏ.வை நகலெடுத்துக்கொண்டே இருக்கணும். நகலெடுக்க ஒரு சத்து தேவை. அது இல்லாவிட்டால் அணு வளரும், ஆனால் பிரியாது. மாவு பொங்கிக்கிட்டே இருக்கு, ஊத்தத் தட்டு வரல, அந்த மாதிரி. பெரிய பெரிய அணு, எண்ணிக்கையில் கொஞ்சம்.

அந்தச் சத்தின் தடயத்தை முதலில் பிடித்தவர் லூசி வில்ஸ். 1888-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் மண்ணியலும் படித்துவிட்டுப் பிறகு டாக்டர் ஆனவர். 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி மில்களில் வேலை பார்த்த கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தில் பெரிய அணுக்கள். கிருமியா என்று தேடினார், இல்லை. பிறகு அவர்கள் தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்தார். காயும் பழமும் புரதமும் மிகக் குறைவு. ஏழைகளாக இருந்த பெண்களிடம்தான் நோய் அதிகம்.

1929-ல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வேலையை மாற்றினார். அங்கேதான் ராபர்ட் மெக்கரிசனின் சத்துணவு ஆய்வுக்கூடம் இருந்தது. 1918-ல் ஒரே ஓர் அறையில் பெரிபெரி ஆராய்ச்சிக்காகத் தொடங்கியது அது. 1958-ல் ஹைதராபாத் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

வில்ஸ் அந்தப் பெண்கள் சாப்பிட்ட சாப்பாட்டையே எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் ரத்தசோகை வந்தது. ஈஸ்ட் கலந்து கொடுத்தால் வரவில்லை. அப்புறம் தெரிந்தது, அந்த எலிகளின் ரத்தசோகைக்குப் பேன் பரப்பிய ஒரு கிருமியும் காரணம். வேறு யாராவது என்றால் அங்கேயே விட்டிருப்பார்கள். அவர் குரங்குகளுக்கு மாறினார். குரங்குகளில் மார்மைட் வேலை செய்தது. மார்மைட் என்பது பீர் வடிக்கும்போது மிஞ்சுகிற ஈஸ்ட்டில் செய்யும் கறுப்புப் பசை, வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது. விலையும் மலிவு.

எலி, குரங்கு, மனுசி. உட்கரு இல்லாத சிவப்பணுவைச் செய்யும் மூன்று பிராணிகள். அதனால்தான் ஒன்றில் பார்த்ததை இன்னொன்றில் நம்பிச் சோதிக்க முடிந்தது.

1931 தொடக்கத்தில் அவர் சென்னையில், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். இன்றைய கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனைதான் அது, ஊர்க்காரர்கள் இன்னும் பழைய பெயரில்தான் சொல்வார்கள். அதே வருசம் ஆய்வு முடிவு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது: கர்ப்பிணிகளுக்கு மார்மைட் கொடுத்தால் ரத்தம் ஊறுகிறது. சுத்திகரித்த ஈரல் சாறு வேறொரு ரத்தசோகையைக் குணப்படுத்தும் என்று அப்போதே தெரியும். அது இந்தப் பெண்களிடம் பலிக்கவில்லை. ஆக இது புதுச் சத்து. பெயர் தெரியாததால் "வில்ஸ் காரணி" என்றார்கள். 1941-ல் அமெரிக்காவில் பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீனில் "ஃபோலியம்". அப்படி வந்தது ஃபோலிக் அமிலம்.

இப்போது ஆட்டுப்பாலுக்கு வாங்க. மனிதப் பாலிலும் பசும்பாலிலும் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஃபோலேட்தான் ஆட்டுப்பாலில் இருக்கிறது. விஷம் எதுவும் இல்லை, ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். காய்ச்சினால் அதிலும் கொஞ்சம் போகும். காய்ச்சாமலும் கொடுக்க முடியாது, பச்சை ஆட்டுப்பாலில் மால்டா காய்ச்சல் வரும். ஆத்தா செய்த ஒவ்வொன்றும் அவரவர் அளவில் சரிதான்.

அப்போ ஆட்டுக்குட்டிக்கு ஏன் ரத்தசோகை வரவில்லை? குட்டி இரண்டு மூன்று வாரத்திலேயே கருவேலங்கொழுந்தை எட்டிக் கடிக்க ஆரம்பித்துவிடும். அசைபோடும் பிராணி ஆயிற்றே, அதன் இரைப்பையின் முதல் அறையில் குடியேறும் நுண்ணுயிர்கள் ஃபோலேட்டைத் தாங்களே செய்துகொடுக்கும். தாய் ஆட்டுக்கு அதைப் பாலில் நிரப்பி அனுப்ப வேண்டிய தேவை இல்லை. நம்ம பிள்ளை ஆறு மாசம் பாலைத் தவிர எதையும் பார்க்காது, அசையும் போடாது. அதனால் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் தாய் பாலில் வைத்திருக்கணும்.

"காந்தியே ஆட்டுப்பால்தான் குடிச்சாரு" என்று யாராவது கீழே கேட்பீர்கள், தெரியும். பால் குடிப்பதில்லை என்று 1912-ல் முடிவெடுத்தவர், உடம்பு ரொம்ப முடியாமல் போனபோது, அந்த விரதம் பசுவையும் எருமையையும் மனதில் வைத்து எடுத்ததுதானே என்று கஸ்தூர்பா சொன்ன வழியில் ஆட்டுப்பாலுக்கு இறங்கினார். அவர் பல்லிருக்கும் வயசில் கீரையும் பழமும் சாப்பிட்டார். பாலை மட்டும் நம்பி இருக்கவில்லை. (கழுதைப்பால் பற்றியும் கேட்பீர்கள். தெருத்தெருவாக ஒரு சங்கு அளந்து விற்கிறார்களே. அதற்குத் தனி இழை போடுகிறேன். இப்போதைக்கு: கொடுக்காதீங்க.)

பேரனுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தோம். அதற்கு முன்னாடி பி12-ம் இரும்பும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டோம், அதைப் பார்க்காமல் கொடுக்கக்கூடாது. ஒரு வாரத்துக்குள் புது அணுக்கள் ரத்தத்தில் வரத் தொடங்கிவிட்டன. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு கொடுக்கும் மாத்திரையில் 500 மைக்ரோகிராம் இருப்பதும் இதே பொருள்தான். அதை அரசு 1970-லிருந்து கொடுத்துவருகிறது. "பிள்ளை பெரிசாயிரும்" என்று பயந்து அதைப் பரணில் போட்டுவைக்கிற தாய்மார்களே, தயவுசெய்து முழுங்குங்க.

மகளிடமும் பேசினேன். முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், ஒரு வருசம் வரைக்கும் எந்த மிருகப் பாலும் முக்கிய உணவாக வேண்டாம். வேலைக்குப் போகும் முன் பாலைப் பீய்ச்சி, சுத்தமான பாத்திரத்தில் மூடி, நிழலில் வைத்தால் நாலு மணி நேரம் வரை பாட்டி சங்கிலேயே ஊட்டலாம். எட்டு மாசப் பிள்ளைக்குக் கூடவே பருப்பும் கீரையும் முட்டையும் மசித்து. சட்டப்படி முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, 2017-ல் வந்த திருத்தம் அது என்றேன். 50 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்கணும், பால் கொடுக்கப் போய்வர விடணும் என்றும் சொன்னேன். சிரித்தாள். "நாங்க காண்ட்ராக்ட்ல வந்த ஆளு சார். மூணாம் மாசமே வேற ஆளப் போட்டுருவேன்னாக." பம்பாய் மில் பெண்களை லூசி வில்ஸ் பார்த்து ஏறக்குறைய நூறு வருசம் ஆகப்போகிறது.

கிளம்பும்போது ஆத்தா வாசலில் திரும்பி நின்றார்.

"அப்ப கறக்குற பால என்ன செய்ய? நாங் குடிக்கலாமாய்யா?"

தாராளமா குடிங்க ஆத்தா. காய்ச்சிக் குடிங்க. கூட ஒரு பிடி முருங்கைக் கீரை.