பயோடேட்டாவுக்கு முன்னால் இசைத்தட்டு

வேலை தேடுபவர்கள் இப்போது பயோடேட்டாவோடு ஒரு சின்ன வீடியோவையும் சேர்த்து அனுப்புகிறார்கள். 2020-ல் லிங்க்ட்இன் தளம், ஒருவர் தன் பெயரைத் தன் குரலிலேயே 10 விநாடிக்குள் சொல்லிப் பதிவு செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. புதுசு மாதிரித் தெரியும். ஆனால் 1902-லேயே ஒரு பெண்மணி இதைச் செய்துவிட்டார்!

அவர் கல்கத்தாவின் கௌஹர் ஜான். கிராமபோன் கம்பெனிக்காகப் பாடும்போது, பாட்டு முடிந்ததும் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் சொல்வார். பந்தா எல்லாம் இல்லை. தட்டு அச்சானது ஜெர்மனியில், ஹானோவர் நகரில். அங்கே லேபிள் ஒட்டுகிறவருக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டுமே! ஆனால் தட்டு எங்கெல்லாம் சுழன்றதோ அங்கெல்லாம் அந்தப் பெயரும் போனது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். யானைக்கவுனி. கவுனி என்றால் நகர மதிலின் வாசல். 18-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கருப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலில் இருந்த வாசல்களில் இதுவும் ஒன்று. அந்த மதிலுக்காக வரி போட நினைத்ததில் மிஞ்சிய பெயர்தான் வால்டாக்ஸ் ரோடு. அந்த ரோட்டில்தான் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்தது.

அந்தக் காலத்து நாடக நடிகருக்கு முதலீடே தொண்டைதான். மைக் கிடையாது. கடைசி வரிசை தரை டிக்கெட்காரருக்கும் கேட்கிற மாதிரி உச்ச ஸ்தாயியில் விடிய விடியப் பாட வேண்டும். 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு முறை இருந்தது. கம்பெனியில் சேராத நடிகர்களைக் காண்ட்ராக்டர் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார். ஒத்திகைகூட இல்லாமல் நேரே மேடை ஏறுவார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் ஃப்ரீலான்ஸ்! இந்த மாதிரித் தொழிலில் பெயர்தான் சோறு போடும். ஆனால் கொட்டகையில் பாடியது அன்று வந்தவர்களோடு முடிந்துவிடும். இசைத்தட்டு அப்படியில்லை. நடிகர் போகாத ஊருக்கும் அது போகும். பக்கத்துக்கு மூன்று நிமிஷம், அவ்வளவுதான் இடம். அதற்குள் ஆள் யார் என்று காட்டிவிட வேண்டும்.

இதில் உச்சம் தொட்ட ஜோடி செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளும். 1926-ல் இலங்கையில் மேடையில் ஜோடி சேர்ந்தார்கள், அடுத்த ஆண்டே மணந்துகொண்டார்கள். இருவரின் குரலும் தட்டில் ஏறியது. நாடகமே பார்க்காதவர்களுக்கும் அவர்களைத் தெரிந்தது.

அப்புறம் வந்தது படம். 1931 அக்டோபர் 31-ல் 'காளிதாஸ்' சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் வெளியானது. பம்பாயிலிருந்து ரயிலில் வந்த படப்பெட்டியை ஆயிரக்கணக்கான பேர் வால்டாக்ஸ் ரோடு வழியாக ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் பூ தூவினார்கள், தேங்காய் உடைத்தார்கள், ஊதுபத்தி கொளுத்தினார்கள். வெறும் பிலிம் சுருளுக்கு!

படத்தின் நாயகி டி.பி.ராஜலட்சுமி நாடக நடிகை. அவர் தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். சமஸ்கிருதக் கவியின் கதையில் காந்தியின் கைராட்டையைப் பற்றி ஒரு பாட்டு வேறு. கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கூட்டம் கதைக்காக வரவில்லையே, ராஜலட்சுமி பாடுவதைப் பார்க்கத்தானே வந்தது! சினிமா என்று பார்த்தால் குழப்பம்தான். ஒரு மேடைக் கலைஞரின் திறமையைக் காட்டும் வீடியோவாகப் பார்த்தால் எல்லாம் பொருந்தும். 1936-ல் அவரே 'மிஸ் கமலா'வை இயக்கினார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர்தான்.

சுந்தராம்பாள் கதை வேறு. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்று முதல் வெள்ளைச் சேலை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு. அப்படி இருந்தவரை 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு, அதுவும் ஆண் வேஷத்துக்கு, ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து அழைத்தார்கள். அன்றைக்கு யாரும் கேள்விப்படாத தொகை! அதற்கு முன் அவர் ஒரு படத்திலும் நடித்ததில்லை. கொட்டகையிலும் இசைத்தட்டிலும் ஏற்கெனவே சேர்ந்திருந்த பெயருக்குக் கிடைத்த விலை அது. அக்கவுண்ட்ஸ் பாடத்தில் குட்வில் என்று ஒன்று வருமே, அதேதான். படம் என்னவோ ஓடவில்லை. சுந்தராம்பாளின் மதிப்பு குறையவும் இல்லை. 1953-ல் ஔவையார், 1965-ல் 'திருவிளையாடல்' என்று திரை அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது.

கிட்டப்பாவுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. பேசும் படம் வந்து இரண்டே ஆண்டில் போய்விட்டார், ஒரு படத்திலும் நடிக்காமல். ஒன்ஸ்மோர் கேட்டுக் கேட்டு ஜனங்கள் நீட்ட வைத்த பாட்டெல்லாம் கொட்டகையோடு போயிற்று. மிச்சம் இருப்பது மூன்று நிமிஷத்துக்குள் அடக்கிப் பாடிய தட்டுகள்தான். அவற்றை இன்றும் இணையத்தில் தேடிக் கேட்கலாம். கரகரவென்ற இரைச்சலுக்குள்ளிருந்து அந்தக் குரல் சரேலென்று மேலே ஏறும்.