கோவை நேரு ஸ்டேடியம்: ஒரு சனிக்கிழமை மாலை

சாமான் வாங்கவோ ஆஸ்பத்திரிக்கோ பல்லடம் வழியாகக் கோவைக்குப் போகும்போது, வ.உ.சி. பூங்காவை ஒட்டியிருக்கும் நேரு ஸ்டேடியத்தை நீங்கள் பலமுறை கடந்திருப்பீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் கடை வரிசைதான் கண்ணில் படும். அந்தக் கடைகளுக்குப் பின்னால்தான் தமிழ்நாட்டுக் கால்பந்தின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. ஐ-லீக் போட்டியின் கடைசி நாள். பெயரில் சென்னை இருந்தாலும், சென்னை சிட்டி அணிக்கு அப்போது சொந்த மைதானம் கோவைதான். 1946இல் தொடங்கிய அந்தக் கிளப் 40 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்தது. ஒரே ஒரு புள்ளி பின்னால் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். அவர்களுக்கு அன்று கோழிக்கோட்டில் ஆட்டம்.

கோவையில் பஞ்சாபின் மினர்வா அணி ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அதே நிலை. பிறகு பெனால்டியில் பெட்ரோ மான்சி சமன் செய்தார். அந்த சீசனில் அவர் அடித்தது மொத்தம் 21 கோல். அடுத்த இரண்டையும் கௌரவ் போரா அடித்தார். 3-1.

கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என வென்றிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கோவையில் ஆட்டம் சமனில் முடிந்திருந்தால்கூட கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். 43க்கு 42 என்று, தேசிய லீக் பட்டம் முதன்முதலாக ஒரு தமிழ்நாட்டுக் கிளப்புக்கு வந்தது. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர்.

அதன்பின் மூன்றே ஆண்டுகளில் அந்தக் கிளப் ஐ-லீக்கிலேயே இல்லாமல் போனது. கோப்பை வந்தால் மட்டும் ஒரு கிளப் நிலைத்துவிடாது. பார்க்க ஆள் வரவேண்டும், ஆட உள்ளூர்ப் பிள்ளைகள் வரவேண்டும்.

அடுத்த முறை கோவை போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அனுமதி இருந்தால் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். சுற்றிலும் ஓட்டப்பாதை இருப்பதால் மைதானம் சற்றுத் தள்ளித்தான் தெரியும். கோல் கம்பத்தைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். நம் கார் நிறுத்துமிடத்தில் சாயங்காலம் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கு, இரண்டு மணி நேரப் பயணத்தில் இப்படியொரு இடம் இருப்பது தெரியட்டும்.