திருமுக்கூடல் ஆதுலசாலை: மருந்துப் பட்டியலும் நெற்கூலியும்

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலிலுள்ள வீரராசேந்திர சோழன் (1063–1070) காலக் கல்வெட்டு, தமிழக மருத்துவ வரலாற்றில் பெரிதும் எடுத்தாளப்படுவதாகும். கோயிலைச் சார்ந்து வேதபாடசாலையும் மாணவர் விடுதியும், ‘வீரசோழன்’ என்னும் பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் இயங்கியதை அது தெரிவிக்கிறது. இதனைச் சித்த மருத்துவமனை எனச் சுட்டுவோர் உளர். கல்வெட்டிலுள்ள மருந்துப் பட்டியல் அக்கருத்துக்கு இடந்தரவில்லை.

இருப்பில் வைக்கப்பட்ட ஏறத்தாழ 20 மருந்துகளுள் வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, பில்வாதி கிருதம், லசுநாத்யேரண்ட தைலம், கல்யாணக லவணம் முதலியன அடங்கும். இவை ஆயுர்வேத மரபுப் பெயர்கள். ஆயின் பெயரைப் பிரித்து நோக்கின் கிடைப்பவை ஆடாதோடை, கடுக்காய், வில்வம், பூண்டு, ஆமணக்கு. பெயர் வடமொழியாயினும் சரக்கு தமிழர் நன்கறிந்ததே. வாதத்துக்கு எண்ணெய், பித்தத்துக்கு நெய் என்பது ஆயுர்வேதத்தின் பொது விதி. பட்டியலில் தைலமும் கிருதமும் மிகுந்திருப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

இந்த முத்தோடக் கொள்கையைக் கிரேக்கரின் நான்கு நீர்மக் கொள்கையோடு ஒன்றெனக் கூறுவது எளிது, ஆனால் பொருந்தாது. குருதி, கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கினை, இக்கல்வெட்டுக்குச் சில பத்தாண்டுகளுக்கு முன் மறைந்த இப்னு சீனா (இறப்பு 1037) விரித்துரைத்தார். பின்னர் அதுவே யுனானியாக இங்கு வந்தது. இந்திய மரபில் கரும்பித்தம் இல்லை. கிரேக்கரின் நான்கனுள் வாதம் இல்லை. சுசுருத சங்கிதை மட்டும் முத்தோடங்களோடு குருதியையும் சேர்த்து, அதற்கு ஏறக்குறைய நான்காம் இடம் அளிக்கிறது.

கொள்கையினும் கூலிக்கணக்கு மிகுதியாகப் பேசுகிறது. மருத்துவர் கோதண்டராம அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல். அதாவது நாளொன்றுக்கு 3 குறுணி. அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொணர்ந்து, மருந்து காய்ச்சும் இருவருக்கு 60 கலம். எனவே காட்டில் பச்சிலை தேடியவரும் கத்தி பிடித்தவரும் ஆளுக்கு நாள்தோறும் ஒரே 1 குறுணி நெல்லே பெற்றனர். செடியைச் சரியாக இனங்காண்பது அன்று வெறும் ஏவல் வேலையாகக் கருதப்படவில்லை என இதனால் கொள்ளலாம். நோயாளரைப் பேணிய பெண்டிர் இருவருக்கோ சேர்த்தே 30 கலம், நாவிதருக்கு 15. மருத்துவர் பெயரைப் பொறித்த கல், இவர்களைத் தொழிலால் மட்டுமே குறிக்கிறது.